பின் சீட்டு, இடது ஓரம்

எங்கள் பள்ளியில் யாராவது கார் வாங்குவதாக இருந்தால் இப்போதெல்லாம் என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். ஆசிரியர்கள் வண்டி நிறுத்தும் வேப்பமரத்தடியில் இருபது ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஒரு கருநீலச் சொகுசு செடான் நிற்கிறது. அது என்னுடையது. ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மைலேஜ் என்ன, சர்வீஸுக்கு எங்கே போகிறீர்கள், நம் ஊர் ரோட்டில் அடி தட்டாதா, பழைய வண்டியாக எடுத்தது சரிதானா என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். கணக்கு டீச்சர் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்வேன். கடைசியில் நான் ஒன்று கேட்பேன்: "வாங்குறதுக்கு முன்னாடி எந்த சீட்ல உக்காந்து பாத்தீங்க?" அதற்கு மட்டும் திருதிருவென்று விழிப்பார்கள். இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் அசிங்கமானது. வாந்தியில் ஆரம்பிக்கிறது.

எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸும் ஒத்துக்கொள்ளாது. கல்யாணமாகி நெடுங்காட்டுக்கு வந்த அன்றே, மாலையும் கழுத்துமாக, ஊர் எல்லையில் வாடகைக் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, வாய்க்கால் கரையில் குனிந்து நின்றவள் நான். புதுப்பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்தது என் முதுகைத்தான். அன்று என் தலையைப் பிடித்துக்கொண்டவர் என் கணவர். அதற்குப் பிறகு எத்தனை இடங்களில் பிடித்துக்கொண்டார் என்பதற்குக் கணக்கில்லை. ரயிலில் ஒன்றும் ஆகாது. ஸ்கூட்டரில் ஒன்றும் ஆகாது. முப்பது வருடமாக நெடுங்காட்டிலிருந்து காரைக்காலில் உள்ள பள்ளிக்கு ஸ்கூட்டரில்தான் போய் வந்தேன். நான்கு சக்கரம் வைத்த எதில் ஏறினாலும் கால் மணி நேரத்தில் வாயில் உப்புநீர் ஊறும். அப்புறம் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

இதோடு ஒருவழியாகக் காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் எங்கள் ஒரே மகளுக்கு வங்கியில் வேலை கிடைத்து ஏற்காட்டில் போட்டுவிட்டார்கள். ரயிலேறினால் சேலம் வந்துவிடும். அதன் பிறகு மலை. இருபது கொண்டை ஊசி வளைவு. முதல்முறை அவளைக் குடிவைக்கப் போனபோது மூன்றாவது வளைவில் நான் இறங்கிவிட்டேன். ரோட்டோரத் தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியாது, நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அவர் மட்டும் மகளோடு மேலே போய், பால் காய்ச்சிவிட்டு வந்தார். நான் அடிவாரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து இரண்டு வருடம் எங்கள் சந்திப்பெல்லாம் அந்த பெஞ்சில்தான். மகள் பஸ்ஸில் இறங்கி வருவாள். நான் காரைக்கால்மேட்டில் ஏலத்தில் எடுத்த வஞ்சிரத்தை வறுத்து, குழம்பைத் தனியாக ஊற்றி எடுத்துப் போவேன். பெஞ்சில் வைத்தே சாப்பிடுவாள். போனில் வீட்டைச் சுற்றிக் காட்டுவாள். "இது கிச்சன்மா, இந்த ஜன்னல்ல பாத்தா கடைசி வளைவு தெரியும், இதான் துணி காயப்போடுற எடம்." எந்த அலமாரியில் எந்த டப்பா இருக்கிறது என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வீட்டின் தரையில் என் கால் பட்டதில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அங்கே தூங்கி எழுந்து அவளுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியாகவே இருந்தது. வெளியே சொல்ல மாட்டேன். சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

என் கணவர் விவசாயி. நெல்லும், நெல்லுக்குப் பின் உளுந்தும். வீட்டில் ஒரு டிராக்டர் உண்டு, கார் கிடையாது. ஒரு நாள் களை பார்த்துவிட்டு வந்தவர், காலைக்கூடக் கழுவாமல், "கண்டுபுடிச்சிட்டேன் டீச்சரம்மா" என்றார். கேலியாகவும் பிரியமாகவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் கண்டுபிடித்தது இது. சில வருடங்களுக்கு முன் அவருடைய பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்று. மாப்பிள்ளைக்கென்று ஒரு சின்ன சொகுசு செடான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையை மண்டபத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்த அந்த வண்டியில், வேறு வழியில்லாமல் என்னை ஏற்றி அனுப்பினார்கள். திருநள்ளாறு வழியாக ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போனோம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை! இறங்கி நேராகப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டேன். உறவு முழுக்க மூக்கின் மேல் விரலை வைத்தது. இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"ஒனக்கு ஒடம்புல கோளாறு இல்ல. நீ ஏறுன வண்டியெல்லாம் மட்டம். அந்த மாதிரி வண்டியில சஸ்பென்ஷன் வேற. குலுங்காது. குலுங்கலைன்னா வாந்தி ஏது?" என்றார்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே ஆசையும் வந்துவிட்டது. அதுதான் வினை.

அதன் பிறகு ஆறு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. வரப்பில் உட்கார்ந்து போனில் கார் விமர்சனம் பார்ப்பார். சாப்பிடும்போது சேஸிஸ் என்பார். ஊரில் எல்லோரும், "நம்ம ரோட்டுக்கு ஒசரமான வண்டியா எடுங்க" என்றார்கள். "ஒசரமான வண்டி படகு மாதிரி ஆடும். எங்க வீட்டம்மாவுக்கு ஆகாது" என்று எல்லோரிடமும் ஒரே பதில். பெரிய செடானும் கூடாது, எங்கள் தெருமுனையில் திரும்பாது. ஆகவே சின்னது, தாழ்வானது, ஆடாதது. புதிதாக வாங்க எங்கள் வசதி இடம் கொடுக்காது, ஆகவே நாலைந்து வருடம் ஓடியது. இப்படி வடிகட்டி வடிகட்டி ஒரு முடிவுக்கு வந்தார்.

ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கார். கோலமாவில். நீளமும் அகலமும் அளந்து, கயிறு பிடித்து, நான்கு சக்கரத்தோடு தரையில் வரைந்து வைத்திருக்கிறார். "இது எடம் புடிக்குதா, டிராக்டர் திரும்புதான்னு பாக்கணும். நாலு நாளைக்கு யாரும் மிதிச்சிடாதீங்க." அந்த நாலு நாளும் நான் பள்ளிக்குப் போக அந்தக் கோலக் காரைச் சுற்றிக்கொண்டுதான் போனேன். பால்காரர் ஒரு படி மேலே போய், "கதவத் தொறந்து உள்ள வைக்கவா அக்கா?" என்று பால் பையை நீட்டினார்.

தெருமுனையில் வாய்க்காலின் மேல் ஒரு மதகு உண்டு, முதுகு கூனிய மதகு. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கடன் வாங்கி அதன் கூனையும் அளந்தார். காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் தாராளம். ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைந்தால் குறுக்காக ஏற வேண்டும். மூன்று விரல் குறைந்தால் அந்த வண்டி வேண்டாம். இதையெல்லாம் உரக்கடை அட்டை ஒன்றில் எழுதி வைத்துக்கொண்டார். கார் வாங்குபவர்களுக்கான வழிகாட்டி என்று நான் கண்ணால் பார்த்தது அந்த அட்டை ஒன்றைத்தான்.

திருச்சியில் பழைய சொகுசுக் கார்கள் விற்கும் ஒரு பெரிய கடை. ரயிலில் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், முகம் தெரியும் தரை. சேல்ஸில் இருந்த பெண் எங்கள் மகள் வயதுதான் இருப்பாள். நல்ல பிள்ளை. "வாங்க சார், வாங்க மேடம்" என்று குளிர்ந்த மோர் கொடுத்தாள். என் கணவர் மோரைக் குடித்துவிட்டு, தோளில் இருந்த புதுத் துண்டைத் தரையில் விரித்து, அதன்மேல் படுத்து, முதல் காரின் அடியில் கையை நுழைத்துச் சாண் போட ஆரம்பித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, "சார், அந்த அளவெல்லாம் பேப்பர்லயே இருக்கு" என்றாள்.

"பேப்பர்ல இருக்குறது புது வண்டிக்கும்மா. இது நாலு வருசம் ஓடிக் கெடக்கு, ஸ்பிரிங் எறங்கிருக்கும்ல?" என்றார் கீழேயிருந்து.

முதலில் பார்த்தது வெள்ளை வண்டி. கண்ணைப் பறித்தது. ஷெட்டை விட்டு வெளியே வராத வண்டி என்று காகிதத்தில் இருந்ததைச் சொன்னாள். அவர் பின் சீட்டு பெல்ட்டை இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார், அடிவரைக்கும். கடைசி முழத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார். என்னிடம் நீட்டினார். எனக்கும் தெரிந்தது. நடவுக்குச் சேறு கலக்கும்போது ஊரே மணக்கும் மணம் அது.

"இது வண்டல்மா. இந்த வண்டி தண்ணியில நின்னுருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, சீட்டு மட்டத்துக்கு நின்னுருக்கு."

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கே தெரியாது. மேனேஜர் வந்தார், மெக்கானிக் வந்தார், கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். பேசாமல் அந்த வண்டியைப் பின்பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடையில் என் கணவருக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! தரையில் படுப்பதற்கு அவர்களே அட்டை கொண்டு வந்து விரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கருநீல வண்டி ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு. தேறியது. டயர் தேறியது. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை ஸ்டெப்னி அடைத்துக்கொண்டு கிடந்தது. "ஒரு மூட்டை அரிசிதான் போகும் போல" என்று மட்டும் வருத்தப்பட்டார். கூரையில் கண்ணாடி ஜன்னல் இருப்பதை அந்தப் பெண் திறந்து காட்டினாள். "மழை பேஞ்சா?" என்றார். "மூடிக்கலாம் சார்." "அப்ப எதுக்கு?" அவள் சிரித்துக்கொண்டே அதை மூடினாள்.

பிறகு ஓட்டிப் பார்க்கும் படலம். அந்தப் பெண் பின் கதவை, இடது பக்கம், திறந்து பிடித்தாள். "மேடம், இதுதான் ஓனர் சீட். நீங்க இங்க உக்காருங்க." அவரும், "ஆமா ஆமா, நீ அங்கதான் உக்காரணும்" என்றார். நானும் மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்தேன். காலை நீட்ட இடம். தோல் சீட்டு. அவர் ஓட்ட, அந்தப் பெண் முன்னால் உட்கார, நாலுவழிச் சாலையில் நேராகப் போய் நேராக வந்தோம். பத்து நிமிடம். கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே பண்ணலங்க!" என்றேன். உண்மைதான். ஆனால் முந்தின ராத்திரியிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதையும், கைக்குட்டைக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கசக்கி முகர்ந்துகொண்டே வந்தேன் என்பதையும் நான் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, சொல்லவில்லை அவ்வளவுதான். அந்த வண்டி எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. மலையுச்சியில் அந்தச் சமையலறை எனக்கு வேண்டியிருந்தது.

பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, ஒரு நல்ல நாள் பார்த்து வண்டியை எடுக்கப் போனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அந்தப் பெண் எங்களை நிற்க வைத்துப் படம் எடுத்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி என்ன பயம் என்று ஒரு ஓட்டலில் பொங்கல், வடை, அதன்மேல் ஒரு பூரி. ஓனர் சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டேன்.

தஞ்சாவூர் வரை நேர்ரோட்டில் ஒன்றும் ஆகவில்லை; அதைத் தாண்டியதும் ரோடு ஆற்றங்கரையோடு வளைய ஆரம்பித்தது. அவர் டிராக்டர் ஓட்டிய கை. அழுத்தினால் அழுத்துவார், விட்டால் விடுவார். வாயில் உப்புநீர் ஊறியது. இருக்காது என்றேன் எனக்குள். மறுபடியும் ஊறியது. "வண்டிய…" என்பதற்குள் வந்துவிட்டது. தோல் சீட்டில் படக்கூடாது என்று ஒரு புத்தி மட்டும் வேலை செய்தது. முன்சீட்டின் மேல் மடித்துப் போட்டிருந்த அவருடைய புதுத் துண்டைப் பிடுங்கி அதில் எடுத்தேன்.

வண்டியை ஓரம் கட்டினார். வழக்கம்போலத் தலையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். "நான் சாப்புடாமதான் அன்னைக்கு வந்தேன்" என்று அப்போதுதான் சொன்னேன். அவர் துண்டை வாய்க்காலில் அலசி, பிழிந்து, டிக்கியில் ஸ்டெப்னியின் மேல் காயப் போட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் தெருவே கூடி ஆரத்தித் தட்டோடு நின்றது. நான் வெளிறிப்போய் இறங்கினேன். "பாரு, டீச்சருக்கு சந்தோசத்துல பேச்சே வரல" என்றார்கள்.

நான்கு வாரம் அந்த வண்டி கொட்டகையில் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றது. தினமும் காலையில் கிளப்புவார், துடைப்பார், அணைப்பார். புதுச்சேரி மாநிலப் பதிவுக்கு மாற்றி, பி.ஒய். 02 என்று புதுப் பலகையும் மாட்டியாகிவிட்டது. போவதற்குத்தான் இடமில்லை. மகள் போனில், "பரவால்லம்மா, நானே எறங்கி வர்றேன், பெஞ்சுதான் இருக்கே" என்றாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவர் தயங்கித் தயங்கி வந்து, "நாளைக்கு நாகப்பட்டினத்துலேந்து ஒருத்தர் வண்டி பாக்க வர்றாரு. குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். அவர் மேலா, வண்டி மேலா, என் குடல் மேலா என்று தெரியாது. "யாரக் கேட்டு விக்கிறீங்க? எம்பேர்ல இருக்குற வண்டி. விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் நானே ஓட்டிப் பாத்துடறேன், சாவியக் குடுங்க!"

"ஒனக்கு ஓட்டத் தெரியாதே."

"கியரே இல்லாத வண்டிதானே. ரெண்டே ரெண்டு பெடலு. ஒன்பதாங்கிளாசுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் குடுக்கறேன், இது வராதா?"

எங்கள் ஊரில் நெல் அடித்துக் காயவைக்கும் பொதுக்களம் ஒன்று இருக்கிறது, நல்ல அகலமான சிமெண்டுத் தளம். அறுவடை முடிந்து நெல்லெல்லாம் போய்விட்டிருந்தது. ஒரு குருவிகூட இல்லை. அவர் அங்கே வண்டியைக் கொண்டு போய் நிறுத்திவிட்டுப் பக்கத்துச் சீட்டுக்கு மாறினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். முதல் சுற்று ஆமை. இரண்டாவது சுற்றும் ஆமை. ஐந்தாவது சுற்றில் எனக்கே ஒரு இது வந்துவிட்டது. களத்தில் நேராக எவ்வளவு தூரம் போக முடியும்? சுற்றத்தான் வேண்டும். வலது பக்கமாகப் பத்து, இடது பக்கமாகப் பத்து, எட்டுப் போட்டுச் சில. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. திருவிழாவில் ராட்டினம் ஏறிய பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சுற்றினேன்.

"டீச்சரம்மா… போதும். நிறுத்து."

"இன்னும் ஒரே ஒரு சுத்து."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

நிறுத்தினேன். கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர் களத்தின் விளிம்பில் உட்கார்ந்து தலையை முழங்காலுக்கு நடுவே விட்டுக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது. "என்னங்க, நெஞ்சு வலியா?" என்று பதறிப்போய் ஓடினேன்.

"நெஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. தல சுத்துது. ஒனக்கு… ஒனக்கு ஒண்ணும் பண்ணலயா?"

எனக்கு ஒன்றும் பண்ணவில்லை.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முக்கால் மணி நேரம். வளைவைத் தவிர வேறொன்றுமே இல்லாத முக்கால் மணி நேரம். காலையில் நாலு இட்லி சாப்பிட்டிருந்தேன். எலுமிச்சம்பழம் கிடையாது. ஓட்டுகிற கைக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரியும், உடம்பும் அதற்குத் தயாராகிவிடும்; பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எல்லாம் திடுக்கென்று வரும். இதைப் பிறகு ஒரு டாக்டரும் சொன்னார். ஆனால் முப்பது வருடமாக ஸ்கூட்டரை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன், ஒரு நாள்கூடக் குமட்டியதில்லை. அதை வைத்துக்கூட எனக்குத் தோன்றவில்லையே! தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கண்டுபிடி என்று வருடம் முழுக்கக் கத்துகிறவள் நான். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பங்காளிக்குப் போன் போட்டு, கல்யாணப் படங்களை அனுப்பச் சொன்னேன். இருந்தது. மண்டபத்து வாசலில் அந்தச் சொகுசு வண்டி. பின் சீட்டு முழுக்கச் சீர்வரிசைத் தட்டு, பழம், பித்தளைக் குடம். முன் சீட்டில், கண்ணாடிக்கு நேரே ரோட்டைப் பார்த்தபடி, பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான்; எந்தச் சீட்டில் போனேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்று என்னைக் காப்பாற்றியது சஸ்பென்ஷன் இல்லை, பித்தளைக் குடம். எனக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு வண்டியிலும் எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நானும் கௌரவமாக ஏறி உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறேன்.

"நாகப்பட்டினத்துக்காரர வர வேணாம்னு சொல்லிடவா?" என்று அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்கிற கேள்வியா அது?

டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் என்னிடமே கணக்குப் படித்தவர்கள். லைசென்ஸ் வாங்கினேன். அதன் பிறகும் எட்டு மாதம் மலைப்பக்கம் போகவில்லை. தினமும் பள்ளிக்கு அதில்தான். மதகில் குறுக்காக ஏறப் பழகினேன். முதலில் இடது சக்கரம், அப்புறம் வலது, ஒரு சத்தம் வராது. வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் உளுந்துச் செடி பரப்பியிருந்தால் நிறுத்தி ஒதுக்கச் சொல்லுவேன். தாழ்வான வண்டி, காய்ந்த செடி வயிற்றில் சுற்றிக்கொண்டால் ஆபத்து. "டீச்சர் காருக்கு உளுந்து ஆகாதாம்" என்று ஒதுக்கிக்கொண்டே கேலி செய்வார்கள். வயிற்றுக்கு ஆகாது என்று நானும் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக்கால் கடற்கரை, பட்டினச்சேரி என்று சும்மாவே ஓட்டுவோம். கண்ணாடியை இறக்கிவிட்டு உப்புக்காற்றில் போகும்போது இத்தனை வருடம் எதையெல்லாம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டே போயிருக்கிறேன் என்று தோன்றும்.

காலாண்டு விடுமுறைக்குக் கிளம்பினோம். மகளிடம் வழக்கம்போல ரயிலில் சேலம் வருவதாகத்தான் அவர் முதலில் சொல்லியிருந்தார். கிளம்புகிற அன்று, "காருலயே வர்றோம், அம்மாவும் மேல வர்றா" என்று மட்டும் சொன்னார். யார் ஓட்டுகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. நான் ஓட்டப் பழகியதையே அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தோம். அவள் பயந்துபோய், "வேணாம்ப்பா, அம்மாவப் படுத்தாதீங்க" என்றாளாம்.

சேலம் வரை என் கணவர் முன்சீட்டில் இருந்தார். இருந்தார் என்றா சொன்னேன்? ஒரு லாரி தெரிந்தால் காலால் தரையை மிதிப்பார். நான் முந்தினால் கதவைப் பிடிப்பார். "வலதுல வர்றான், வலதுல வர்றான்" என்று நேர்முக வர்ணனை வேறு. அடிவாரத்தில், எங்கள் பெஞ்சு இருக்கும் அதே டீக்கடை முன்னால் நிறுத்தினேன்.

"எறங்குங்க."

"டீ குடிக்கவா?"

"பின்னாடி போய் ஓனர் சீட்ல உக்காருங்க. மேல போற வரைக்கும் ஒங்க கால் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது."

முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். நான் ஒரு நிமிடம் அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். யாரோ ஒருவர் அதில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். வண்டியைக் கிளப்பினேன்.

முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வந்தபோது தடுப்புச்சுவர் தெரிந்தது, நான் பிடித்துக்கொண்டு நின்ற அதே சுவர். ஹாரன் அடித்துக்கொண்டு, வளைவின் உள்ளே பார்த்துக்கொண்டு, மெல்லத் திருப்பினேன். சுவர் பின்னால் போய்விட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது, ஆனால் துடைக்கக் கை கிடையாது, இரண்டும் ஸ்டீயரிங்கில். பத்தாவது வளைவில் காற்று குளிர்ந்தது. ஏசியை அணைத்தேன். கூரை ஜன்னலைத் திறந்தேன். அது எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது, மரங்கள் தலைக்கு மேலேயே வந்தன. "பாருங்க, பாருங்க" என்றேன். பின்னால் பதில் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண் போட்டிருந்தது. சத்தமாகவே எண்ணினேன். பதினெட்டு. பத்தொன்பது. இருபது!

வீட்டை யாரிடமும் கேட்கவில்லை. போனில் பார்த்த பச்சை கேட், அதன் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. மகள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் வெட்டிய எலுமிச்சம்பழம், தோளில் துண்டு. வண்டி நிற்பதற்குள் ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின் கதவுக்கு, இடது ஓரத்துக்குப் போய்த் திறந்தாள்.

"அம்மா, மெதுவா…"

உள்ளே அவளுடைய அப்பா கண்ணை மூடி, வாயைப் பொத்திக்கொண்டு, சீட்டில் சரிந்து கிடந்தார். அவள் சொம்போடு அப்படியே நின்றாள். நான் முன் கதவைத் திறந்துகொண்டு சாவியைச் சுழற்றியபடி இறங்கினேன். இருபது வளைவு ஏறியும் என் தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், ஸ்டீயரிங்கைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். "நீயாம்மா?" என்றாள். எலுமிச்சம்பழத்தை அப்பாவின் கையில் திணித்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இது கிச்சன்மா" என்று அழுதுகொண்டே காட்ட ஆரம்பித்தாள். "தெரியும்டி" என்றேன். காபித்தூள் இரண்டாவது அலமாரியில், பால் பாத்திரம் கீழ்த்தட்டில். ஜன்னல் வழியாகக் கடைசி வளைவு தெரிந்தது.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பினேன். எதிரே ஒரு சின்ன அறை. அதை மட்டும் அவள் போனில் காட்டியதே இல்லை. உள்ளே ஒரு கட்டில், அதன்மேல் ஒரு புது மெத்தை, கடைக்காரர் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். உறையின் மேல் இரண்டு வருடத் தூசி.

"ஒனக்குன்னு வாங்குனது" என்றாள். "நீ வர்றப்பப் பிரிக்கலாம்னு."

நான் பதில் சொல்வதற்குள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் தாண்டிப் போய், உறையோடு அந்த மெத்தையில் பொத்தென்று விழுந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.